பழுது பார்த்த சிறகு

"தலை நரைத்த பின்பும் விளையாட்டு விமானமா?" என்று எங்களைக் கேளாதவர் சம்மாந்துறையில் குறைவு. கேட்பவர்கள் பகைவர்கள் அல்லர், எங்கள்மேல் அன்புடையவர்கள். உழுதவனுக்கு விலை கிடைக்கவில்லை, படித்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை, மூத்த பிள்ளை கடல் கடந்து போய் மத்திய கிழக்கில் சாரதியாய் உழைக்கிறான். இப்படிப்பட்ட ஊரில் மூன்று பேர் விறாந்தையில் குந்தியிருந்து ரெஜிபோம் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தால், பார்ப்பவர்க்கு விந்தையாகத்தானே இருக்கும்? அவர்களுக்கு நாங்கள் ஒரு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அந்த விடையில் எங்கள் தவறு ஒன்றும் அடங்கியிருப்பதால் இதுவரை சொல்லாமல் இருந்துவிட்டோம்.

நாங்கள் என்பது சங்கமன்று, கழகமுமன்று. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர். கடைத்தெருவில் நெடுங்காலம் வானொலிப் பெட்டி திருத்திய அவருடைய மச்சான். அந்த மச்சானின் மகன். எழுதுகின்ற கை ஆசிரியருடையது. பேச்சு மூவருக்கும் பொது.

மாரிப்போக அறுவடை முடிந்ததும் கல்லோயா நீர் பாய்ந்த வட்டை காய்ந்து கிடக்கும். தாள் கட்டைகள் மட்டும் நிற்கும் அந்த வெளியே எங்கள் விமானத் தளம். மாலையில் காற்றுத் தணிந்த வேளை பார்த்து விமானத்தைக் கையால் எறிவோம். அது எழும், வரம்புகளுக்கு மேலாகச் சுற்றும், கொக்குகள் திடுக்கிட்டு எழுந்து பறக்கும். பத்துத் தடவை பறந்தால் மூன்று தடவையேனும் விழும். விழுந்ததும் வட்டையில் மாடு மேய்க்கும் சிறுவர்கள் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கித் தருவார்கள். ஒரு துண்டையும் விட்டுவிடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துமாயின் சிறகு மீண்டும் சிறகாகும். ஒரு சிறு துண்டு தவறினால் அவ்விடத்தில் புதிதாகச் செதுக்கி வைக்க வேண்டும்.

விமானம் என்றவுடன் விலையுயர்ந்த பெட்டியொன்றில் வந்து இறங்கிய பொருள் என்று எண்ணவேண்டா. மேலைநாட்டார் இதற்குப் பால்சா என்னும் மரத்தைப் பயன்படுத்துவர். ஈக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளைந்து உலகெங்கும் போகும் அந்த இலேசான மரம் எங்கள் கைக்கு எட்டாதது. எங்களுக்கு வாய்த்தது கல்முனைக் கரையில் மீன் வைத்து வீசிய ரெஜிபோம் பெட்டி. அதைக் கழுவிக் காயவைத்து, சூடேற்றிய மெல்லிய கம்பியால் தகடாக அறுத்தால் சிறகு. உடைந்த குடையின் கம்பி சிறகின் முதுகெலும்பு. சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வளைத்தால், சுக்கானை இழுக்கவும் தள்ளவும் உதவும் கோல். மருதமுனைத் தறியில் எஞ்சிய நூலைப் பசையில் தோய்த்துச் சுற்றினால் பிளந்த இடம் இறுகும். சுப்பர் குளூ பூசினால் ரெஜிபோம் உருகிக் குழியாகிவிடும் என்பதை முதல் விமானத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டோம். மோட்டார், பற்றரி, வானொலிக் கருவி ஆகிய மூன்றையுமே காசு கொடுத்து வாங்கினோம், அவையும் பழையவை.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று மாணவ நண்பர்கள் அறிய விரும்புவர். கையிலுள்ள கருவியின் கோலை அசைத்தால் அவ்வசைவு எண்ணாக மாறி, 2.4 கிகாஹேட்ஸ் அலையில் ஏறி விமானத்திலுள்ள ஏற்பிக்குச் செல்கிறது. ஏற்பி அதைத் துடிப்புகளாக்கிச் சேர்வோ என்னும் சிறு பொறிக்கு அனுப்புகிறது. செக்கனுக்கு 50 துடிப்புகள். ஒரு துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிசெக்கன் எனின் சுக்கான் நடுவில் நிற்கும். ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைந்தால் ஒரு பக்கம் திரும்பும். இரண்டுக்கு நீண்டால் மறுபக்கம் திரும்பும். சேர்வோவினுள்ளே தீப்பெட்டி அளவு இடத்தில் மோட்டாரும் பற்சக்கரங்களும் மட்டுமன்றி, 'நான் இப்போது எங்கே நிற்கிறேன்?' என்று தன்னைத் தானே அளக்கும் ஒரு மின்தடையும் உண்டு. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் இருந்த உறுப்பும் அதுவே. எங்கள் மச்சான் முதன்முதல் ஒரு சேர்வோவைக் கழற்றியபோது, அயலூரில் பழைய நண்பனைக் கண்டவர்போல் சிரித்தார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எடை. சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தள்ளி இரு விரல்களால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்துவிட்டால் மூக்கு மேலெழும், வேகம் குன்றும், சிறகு காற்றைப் பிடிக்கும் ஆற்றலை இழக்கும், பிறகு வீழ்ச்சிதான். இதைக் கரும்பலகையில் நெம்புகோல் விதி என எழுதி, ஆண்டுக்காண்டு பரீட்சைக்கு மனனம் செய்வித்த ஆசிரியரும் எங்களுள் இருக்கிறார். தம் வாழ்நாளில் முதன்முறையாக அவ்விதியைத் தம் விரல் நுனியில் உணர்ந்தது அறுபது வயதிற்குப் பின்னரே என்று அவர் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறார்.

இன்னொன்றும் உண்டு. விமானம் எம்மை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலம் எம் வலம். அது திரும்பி எம்மை நோக்கி வரும்போது அதன் வலம் எமக்கு இடமாகிவிடுகிறது. புதிதாகப் பழகுகிறவர்களின் விமானங்களுள் பல இந்த ஒரு மயக்கத்தாலேயே தரையில் மோதுகின்றன. தப்புவதற்கு வழி, தரையில் நின்றபடியே மனத்தால் விமானத்தினுள் ஏறி அமர்ந்து அதன் முகத்தோடு பார்ப்பது. எங்களுள் இளையவன் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். பெரியவர்களாகிய எங்களுக்கு மூன்று மாதம் சென்றது.

நிற்க. இது வீண் விளையாட்டு என்போர்க்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1871இல் பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றில் அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய இறப்பர்ப் பட்டியால் இயங்கும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது பறந்தது சில செக்கன்களே. அவர் வகுத்த வழியில் அமைந்த இறப்பர் முறுக்குப் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு புதல்வர்க்கும் வாங்கி வந்தார். பொம்மை உடைந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கவில்லை, தாமே அதுபோன்ற வேறொன்றைச் செய்தனர். அவர்களே வில்பர், ஓவில் ரைட் சகோதரர்கள். பிற்காலத்தில் அவர்கள் நடத்தியது சைக்கிள் கடை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் 12 செக்கன் நேரம், 120 அடி தூரம் பறந்த அந்த விமானத்தின் இயந்திரத்தை அக்கடையில் ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஆக்கித் தந்தவர் சார்லஸ் டெயிலர் என்னும் தொழிலாளி. பாடநூல்கள் இரு பெயர்களோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது பெயரை எத்தனை ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

வானொலியால் ஆளப்படும் மாதிரி விமானங்களின் முன்னோடிகளும் வீட்டு மேசையில் வேலை செய்தவர்களே. 1937இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' என்று பெயரிட்ட மாதிரி விமானத்தைத் தரையிலிருந்து வானொலி அலையால் திருப்பிக் காட்டினர். ஒருவருக்கு விமானம் செய்வதில் நாட்டம். மற்றவருக்கு வானொலியில் நாட்டம். இன்று அது சிமித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. இதைப் படித்த அன்று எங்கள் மச்சான், "அப்ப நமக்கும் ஒரு வழி இருக்கு" என்று சொல்லிச் சாயத் தேநீரை ஒரே மிடறாகக் குடித்தார்.

எங்கள் பண்டைப் புலவர்களும் இக்கனவைக் கண்டவர்களே. ஓட்டுபவன் இன்றித் தானே செல்லும் வானூர்தியைப் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பேசுகிறார். ஆயின் அது யாருக்குக் கிடைக்கும்? வாழ்நாளில் நல்வினை முடித்துப் புலவரால் பாடப்பெற்றவனுக்கு, அதுவும் இறந்த பின்னர். சோழன் நலங்கிள்ளிக்குப் பரிசாகச் சொல்லப்பட்ட அவ்வூர்தியை வயற்காரனின் பேரன் மீன்பெட்டியில் வெட்டி எடுக்கிறான் என்றால், இடைப்பட்ட காலத்தில் மனிதகுலத்தின் உழைப்பு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது!

இனி எங்கள் தவற்றைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்களும் மாண்டனர். அக்கொடுமையைச் செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். 25ஆம் நாள் ஆளில்லா வானூர்திகள் யாவும் பறப்பதற்கு நாடெங்கும் தடை வந்தது. 26ஆம் நாள் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் வெடிபொருள்கள் கண்டெடுக்கப்பட்டன. அன்றிரவு சாய்ந்தமருதில் நடந்தது உலகறிந்தது. அங்கும் குழந்தைகள் இறந்தனர். கல்முனை, சவளக்கடை, சம்மாந்துறைப் பகுதிகளில் ஊரடங்கு. வீதியில் நாய் குரைத்தாலும் நெஞ்சு திடுக்கிட்டது.

எங்கள் பின்விறாந்தையில் அப்போது இரண்டு விமானங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி வயர்கள், பற்றரிகள், ஈயம் பற்றவைக்கும் கருவி, வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. நேற்றுவரை அறிவின் கருவிகளாய் இருந்தவை அன்றிரவு எங்கள் கண்ணுக்கே வேறாகத் தெரிந்தன. கொலைகாரர்களின் மேசையிலும் வயரும் பற்றரியும்தானே இருந்திருக்கும்? ஐயுறுபவனுக்கு எதை எப்படி விளக்குவது? எந்த மொழியில் விளக்குவது?

நள்ளிரவில் விளக்கேற்றாமல் சிறகுகளை உடைத்தோம். எரித்தால் கரும்புகை எழும் என்று அஞ்சித் துண்டு துண்டாக்கிச் சாக்கில் கட்டினோம். பற்றரிகளை உப்புநீர் வாளியில் இட்டோம். மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பையில் சுற்றி வளவின் மூலையிலுள்ள பாழ்கிணற்றில் எறிந்தோம். எங்களை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எங்கள் கைகளே செய்தன. பதினான்கு வயது மருமகன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் பேசவில்லை.

சில நாட்களின் பின் எங்கள் தெருவிலும் தேடுதல் நடந்தது. வந்தவர்களுள் ஒருவன் மீசை அரும்பாத இளைஞன். எங்கேயோ ஒரு சிங்களக் கிராமத்தின் உழவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். மேசை இடுக்கில் எங்கள் கண்ணுக்குத் தப்பிக் கிடந்த சுழலி ஒன்று அவன் கையில் அகப்பட்டது. எங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. அவன் அதை விரலில் கோத்துச் சுழற்றிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ப்ளேன் எக்க கோ?" என்றான். 'விமானம் எங்கே?' என்று அவன் கேட்டது குற்றம் காணும் குரலிலன்று. விளையாட்டுத் தோழனைக் கண்ட பிள்ளையின் குரலில். எங்களிடம் விடை இல்லை. அவன் சுழலியை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எல்லார்க்கும் அப்படி ஓர் இளைஞன் வாய்த்திருப்பான் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்நாட்களில் வீட்டிலிருந்த எளிய பொருளுக்காக அல்லற்பட்டவர்கள் பலர். எங்கள் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அச்சத்திற்குப் பணிந்து நாங்கள் அழித்தது ரெஜிபோமை மட்டுமா? 'இது உன் போன்றவர்களுக்கு ஆகாத கல்வி' என்று அச்சிறுவனுக்கு நாங்களே கற்பித்துவிட்டோம். முப்பது ஆண்டு வகுப்பறையில் கற்பித்ததை அந்த ஓர் இரவு அழித்தது. அதன்பின் மூன்று ஆண்டு அவன் பின்விறாந்தைக்கு வரவேயில்லை. வானத்தில் ஹெலிகொப்டர் போனாலும் நிமிர்ந்து பாரான்.

2022இல் நாடு கடனில் மூழ்கியது. டொலரின் விலை சில மாதங்களிலேயே ஏறத்தாழ இருமடங்கானது. பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. மின்விசிறி, மிக்சி, நீர்ப்பம்பி என வீட்டுக்கு வீடு பழுதான பொருள்கள். புதிது வாங்க வழியில்லை. மச்சானின் மேசை பல ஆண்டுகளுக்குப் பிறகு நிரம்பியது. கண் மங்கிய தந்தைக்கு உதவ மகன் வந்து அமர்ந்தான். நுண்ணிய திருகாணிகளைக் கழற்றினான். மோட்டார்ச் சுருள்களைச் சோதித்தான். ஒருநாள் மாலை தானாகவே கேட்டான்: "மாமா, அந்தக் கிணத்துல போட்ட மோட்டர் இன்னும் கிடக்குமா?"

கோடையில் கிணறு வற்றியிருந்தது. சேற்றிலிருந்து பை வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பலகை பச்சைக் களிம்பேறி அழிந்துபோயிருந்தது. மோட்டார் மட்டும் உருத் தெரிந்தது. தூரிகை இல்லாத அவ்வகை மோட்டாரில் காந்தங்கள் பதித்த வெளிக்கூடு சுழலும். செப்புச் சுருள் நடுவில் அசையாது நிற்கும். சுருளுக்கு அரக்குப் பூச்சுக் காவலாய் இருந்தது. தேய்ந்து துருவேறியவை அச்சைத் தாங்கும் இரு குண்டுத்தாங்கிகளே. பையன் கூட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினான். பழுதான வேறொரு மோட்டாரிலிருந்து குண்டுத்தாங்கிகளை எடுத்துப் பொருத்தினான். மூன்று வயர்களையும் பற்றவைத்தான். மின்னைக் கொடுத்ததும் அது எதிர்ப்புறமாகச் சுழன்றது. மூன்று வயர்களுள் எவை இரண்டை இடம் மாற்றினாலும் திசை மாறும். எங்களைக் கேளாமலே மாற்றினான். மோட்டார் சரியான திசையில் ரீங்கரித்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாமல் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2023இல் அறுவடை முடிந்ததும், இரவல் வாங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டியோடு அது பறந்தது. நாலாம் சுற்றில் விழுந்தது. சிறுவர்கள் துண்டுகளைப் பொறுக்கித் தந்தார்கள்.

ஆகவே, எங்களைக் கேட்ட அன்பர்களுக்கு எம் விடை இதுவே. நாங்கள் பொழுது போக்குவது உண்மை. பறப்பதைப் பார்க்கும் இன்பத்தை மறைக்க மாட்டோம். ஆனால் அதற்கும் அப்பால் ஒரு தேவை இருக்கிறது. நெல்வயலில் மருந்தடிக்கும் ஆளில்லா வானூர்திகள் இலங்கைக்கும் வந்துவிட்டன. முதுகில் நஞ்சைச் சுமந்து தெளித்த கூலியாளின் உடலுக்கு அது ஆறுதல். அவனுடைய கூலிக்கு அது கேடு. அப்பொறி யாருடைய உடைமை என்பதைப் பொறுத்தே அது நன்மையோ தீமையோ ஆகும். அதை வாங்கும் பணம் உழவனிடம் இல்லை. திறந்து பார்க்கும் அறிவும் அவன் பிள்ளைக்குக் கிட்டாவிட்டால், தன் வயலுக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்த்து வாடகை கொடுப்பவனாகவே நிற்பான். பழுது பார்க்கத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஓர் ஊரில் இருந்தால், உழவர்கள் கூடி ஒரு பொறியைப் பொதுவில் வாங்கிக் காக்கலாம் என்ற பேச்சாவது எழும்.

பக்கத்தூரான காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் வழக்கொழிந்துபோன யாழை, இலக்கியத்தையும் விஞ்ஞானத்தையும் இணைத்து ஆராய்ந்து மீட்டார். 1947இல் யாழ் நூல் வெளிவந்தது. விஞ்ஞானம் இம்மண்ணுக்கு வெளியார் சரக்கன்று. எங்கள் ஊரிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நிற்கிறது. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. இருந்தும், உடைத்துவிடுவேனோ என்று அஞ்சாமல் ஒரு பொறியைத் திறக்கும் துணிவு புள்ளித்தாளில் வருவதில்லை. அதற்கு ஒரு மேசை வேண்டும். பக்கத்தில் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

எங்கள் மேசை இப்போது பின்விறாந்தையில் இல்லை. தெருவைப் பார்த்த முன்விறாந்தைக்குக் கொண்டுவந்துவிட்டோம். பதிவும் அனுமதியும் கேட்கும் விதிகளை மதித்தே பறக்கவிடுகிறோம். மறைப்பதற்கு எம்மிடம் ஒன்றுமில்லை என்பதை ஊரும் வழிப்போக்கரும் பார்க்கட்டும். மாலை வேளைகளில் பிள்ளைகள் வருகிறார்கள். காரைதீவிலிருந்து சைக்கிளில் இரு மாணவர்கள் வருகிறார்கள். அம்பாறையிலிருந்து ஒரு சிங்கள மாணவன் தன் உடைந்த விமானத்தைக் கொண்டுவந்து, பாதித் தமிழும் பாதிச் சைகையுமாகப் பழுதைச் சொன்னான். நசுங்கிய மூக்கை வெந்நீரில் நனைத்தால் அவ்வகை நுரைத்தகடு மீண்டும் புடைத்துவரும் என்று எங்கள் மருமகன் அவனுக்குச் செய்து காட்டினான். இருவரும் கேத்தலைச் சுற்றிக் குனிந்திருந்த காட்சியைப் பார்த்தபோது, சுழலியை விரலில் சுழற்றிய அந்த இளைஞன் நினைவுக்கு வந்தான். அவன் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் விடை இருக்கிறது. அவன் எங்கே இருக்கிறானோ!

இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களே, உங்கள் மாணவர் எவனாவது வானொலியைத் திறந்து பார்த்து அடி வாங்கியிருந்தால், அவனை எங்களிடம் அனுப்புங்கள். அன்றேல் உங்கள் வீட்டு விறாந்தையிலேயே ஒரு மேசை போடுங்கள். வருகிறவன் வெறுங்கையோடு வர வேண்டா. ஒரு பழைய சைக்கிள் கம்பி கொண்டுவரட்டும். ரெஜிபோம் நாங்கள் தருகிறோம்.